மாட்ரிட்டில் ஒரு கிளாஸ், ஒரு தட்டு, அடுத்த கடை: புதிதாக வந்தவர்களுக்கு

மாட்ரிட்டுக்கு வந்த முதல் வாரத்தில் நம்மவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் ஏமாறுகிறார்கள். ஏழு மணிக்கே பசி எடுத்துவிடும். வாசலில் படம் போட்ட மெனு வைத்திருக்கும் ஏதோ ஓர் உணவகத்தில் போய் உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு பெரிய தட்டும் மேசைக்கு ஒரு பாட்டில் ஒயினும் சொல்லி, சுற்றிலும் வேற்றூர்க்காரர்கள் மட்டும் இருக்கச் சாப்பிட்டு, கனமான பில்லைக் கொடுத்துவிட்டு வருவார்கள். ஒன்பது மணிக்கு ஊரே வெளியே கிளம்பும்போது இவர்கள் அறையில் படுத்திருப்பார்கள்.

இந்த ஊரில் ஒயின் குடிப்பது நடந்துகொண்டே செய்கிற காரியம். ஒரு கடையில் நின்றபடி ஒரு கிளாஸ், அந்தக் கடை நன்றாகச் செய்யும் ஒரே ஒரு தட்டு, அப்புறம் அடுத்த கடை. ஒரு ராத்திரிக்கு மூன்று கடை போதும், நான்கு என்றால் தாராளம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். 'ஒயின் ஷாப்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் பொருளை இங்கே கொண்டுவர வேண்டாம். மாட்ரிட்டின் தபெர்னாக்களில், அதாவது பழைய ஒயின் கடைகளில், தாத்தா பாட்டி, தள்ளுவண்டிக் குழந்தை, அலுவலகம் முடிந்து வந்த பெண்கள் எல்லாரும் ஒரே கவுன்ட்டரில் நிற்பார்கள். இவர்கள் யாரும் போதைக்காக வந்தவர்கள் இல்லை. நான்கு வாய் சாப்பாட்டோடு ஒரு சின்னக் கிளாஸ், நிறையப் பேச்சு, அவ்வளவுதான். குடிக்காதவர்களும் தயங்காமல் கூட வரலாம். 'மோஸ்தோ' என்று கேட்டால் புளிக்கவைக்காத திராட்சைச் சாறு கிடைக்கும். அதையும் ஆரஞ்சுத் துண்டு போட்டு மரியாதையாகத்தான் கொடுப்பார்கள்.

முதலில் நேரம்

பகல் ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை ஒரு வேளை. பெர்முத் என்ற மூலிகை ஒயினை வைத்து இதற்கு 'பெர்முத் நேரம்' என்றே பெயர். இரண்டிலிருந்து நான்கு வரை மதியச் சாப்பாடு. மாலையில் பல கடைகள் மூடிக்கிடந்து, ஏழரை எட்டுக்கு மறுபடி திறக்கும். நல்ல நேரம் எட்டரைக்குமேல்தான். ஆனால் புதியவர்கள் எட்டு மணிக்கே போய்விடுவது நல்லது. கவுன்ட்டரில் இடம் கிடைக்கும், கடைக்காரருக்கும் உங்களோடு இரண்டு வார்த்தை பேச நேரம் இருக்கும். வெள்ளி, சனிக்கிழமை பத்து மணிக்குப் போனால் முழங்கை வைக்கக்கூட இடம் இருக்காது. ஞாயிறு இரவும் திங்களும் மூடும் கடைகள் நிறைய என்பதால் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பசியோடு எட்டு மணிவரை எப்படி இருப்பது? ஆறு மணிக்கு ஒரு காபியும் ஏதாவது ஒரு ரொட்டியும் சாப்பிடுங்கள். இந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

கடைக்குள் நுழைந்ததும்

நிற்பதற்கு மூன்று வகை இடங்கள். 'பார்ரா' என்றால் கவுன்ட்டர், 'மேசா' என்றால் மேசை, 'தெர்ராசா' என்றால் வெளியே போட்டிருக்கும் நாற்காலிகள். ஒரே கிளாஸ் ஒயினுக்குத் தெர்ராசாவில் கொஞ்சம் கூடுதலாக வாங்கும் கடைகள் உண்டு. முதல் தடவை போகிறவர்கள் பார்ராவையே பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்து அதையே கைகாட்டிக் கேட்கலாம். இதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

வரிசை என்று எதுவும் இருக்காது. ஆனால் யார் முன்னால் வந்தார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியும். உள்ளே வரும்போதே "ஓலா, புவேனாஸ்" என்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அவர் கண்ணைப் பார்த்து நில்லுங்கள். கையைத் தட்டிக் கூப்பிட வேண்டாம்.

முதல் கிளாஸோடு நீங்கள் கேட்காமலேயே ஒரு சின்னத் தட்டு வரும். நாலு ஆலிவ் இருக்கலாம், கொஞ்சம் சிப்ஸ் இருக்கலாம், அன்றைய மனநிலையைப் பொறுத்து ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலடும் இருக்கலாம். இதற்குக் காசு இல்லை. 'தாபா' என்ற சொல்லுக்கு மூடி என்று பொருள். கிளாஸின் வாயை மூட ஒரு ரொட்டித் துண்டையோ இறைச்சித் துண்டையோ மேலே வைத்ததிலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். நம் ஊரில் சைடு டிஷ் என்று ஒதுக்கிவிடுவதை இந்த ஊர் ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறது.

என்ன ஒயின், எப்படிக் கேட்பது

திராட்சையின் பெயரோ பாட்டிலின் பெயரோ தெரிய வேண்டிய அவசியம் இல்லை. மாட்ரிட்காரர்கள் ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். சிவப்பு வேண்டுமென்றால் "உன் ரியோஹா" அல்லது "உன் ரிபேரா". இரண்டிலும் முக்கியத் திராட்சை தெம்ப்ரனீயோதான். ரியோஹா கொஞ்சம் மென்மையாக இருக்கும், ரிபேரா தெல் துவேரோ அழுத்தமானது. 'கிரியான்சா' என்று சேர்த்துச் சொன்னால் இரண்டு வருடம் வைத்திருந்து, அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில் இருந்த ஒயின் வரும். அன்றாடம் குடிக்க அதுவே சரியான வயது. வெள்ளை வேண்டுமென்றால் "உன் ருவேதா". வெர்தேஹோ என்ற திராட்சையில் செய்தது, பச்சைப்புல் வாசம் அடிக்கும். மீனோ இறாலோ சாப்பிடப் போகிறீர்கள் என்றால் கலீசியாக் கடற்கரையிலிருந்து வரும் "உன் அல்பரீன்யோ" கேளுங்கள். உப்புக் காற்று பட்டது போன்ற ஒரு புளிப்பு அதில் உண்டு.

இன்னும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "தெனேயிஸ் ஆல்கோ தே மத்ரித்?" மாட்ரிட்டிலேயே விளைந்தது ஏதாவது இருக்கிறதா என்று அர்த்தம். இந்தத் தலைநகரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள் இருப்பது வெளியாட்கள் பலருக்குத் தெரியாது. 'வீனோஸ் தே மத்ரித்' என்ற பெயருக்கு 1990 முதல் சட்டப்படி அங்கீகாரம் உண்டு. மேற்கே, கிரேதோஸ் மலையடிவாரத்தில் சான் மார்த்தீன் தே வால்தெயிக்லேசியாஸ் பக்கம், கருங்கல் மண்ணில் நிற்கும் பழைய கொடிகளிலிருந்து கர்நாச்சா என்ற திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் வருகிறது. நிறம் வெளிறித்தான் இருக்கும், வாசனை அள்ளும். அது இருக்கும் கடையில் நான் வேறு எதையும் கேட்பதில்லை.

பகலில் போனால் பெர்முத். ஒயினில் மூலிகைகளை ஊறவைத்துச் செய்வது, லேசான கசப்பும் இனிப்புமாக இருக்கும். பழைய கடைகளில் குழாயிலிருந்து பிடித்து, ஐஸ், ஆரஞ்சுத் துண்டு, ஓர் ஆலிவ் போட்டுத் தருவார்கள். 'பெர்முத் தே கிரிஃபோ' என்றால் குழாய்ப் பெர்முத். அது கிடைக்கிற இடத்தில் பாட்டில் பெர்முத் வாங்காதீர்கள்.

தட்டின் அளவும் பங்கும்

அளவைக் குறிக்கும் சொற்கள் தெரியாமல்தான் காசு வீணாகிறது. 'பிஞ்சோ' ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று வாய். 'ராதியோன்' முழுத் தட்டு, மூன்று நான்கு பேருக்கு. 'மேதியா ராதியோன்' அதில் பாதி. இரண்டு பேர் போனால் ஒரு கடைக்கு ஒரு மேதியா போதும். தனியாகப் போனால் பிஞ்சோ இருக்கிறதா என்று கேளுங்கள். இங்கே தனியாக நின்று சாப்பிடுவது சாதாரணம். அரைத் தட்டு எல்லாக் கடையிலும் கிடைக்காது. மெனுவில் இரண்டு விலை போட்டிருந்தால் குறைந்த விலை அரைத் தட்டுடையது.

தட்டு நடுவில் வரும். ஆளுக்கு ஒரு முள்கரண்டி கொடுப்பார்கள். எல்லாரும் அதே தட்டிலிருந்து எடுத்து அப்படியே வாயில் வைப்பார்கள். எச்சில் என்று நமக்கு ஒரு தயக்கம் வரும், அதில் தப்பொன்றும் இல்லை. "ஊனோஸ் ப்ளாத்தீத்தோஸ், போர் ஃபவோர்" என்று கேட்டால் ஆளுக்கொரு குட்டித் தட்டு தருவார்கள். என் அம்மா வந்திருந்தபோது இந்த ஒரு வாக்கியம்தான் அவரை நிம்மதியாகச் சாப்பிட வைத்தது.

கடைசியில் தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சும். யாரும் எடுக்க மாட்டார்கள். அதற்கு இங்கே 'வெட்கத்தின் துண்டு' என்று பெயர். "நீங்க எடுத்துக்குங்க" என்று நம் வீடுகளில் நடக்கும் அதே உபசாரம்தான். யாராவது உங்களைப் பார்த்துத் தலையசைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ராத்திரிக்கு ஒரு வழி

சோல் சதுக்கத்திலிருந்து தொடங்குங்கள். மெட்ரோ 1, 2, 3 மூன்றும் அங்கே வருகின்றன. பக்கத்துத் தெருவான தெத்துவானில் இருக்கிறது காசா லாப்ரா, 1860-இலிருந்து நடக்கிற கடை. ஸ்பெயினின் சோஷலிஸ்ட் கட்சியை 1879 மே 2 அன்று பாப்லோ இக்லேசியாஸும் தோழர்களும் ரகசியமாகத் தொடங்கியது இந்தக் கடையில்தான். இங்கே சாப்பிட வேண்டியது பகலாவோ. உப்பிட்டுக் காயவைத்த காட் மீனை ஊறவைத்து உப்பெடுத்து, மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள். கருவாட்டில் பஜ்ஜி போட்டால் எப்படி இருக்கும் என்று நினைக்காதீர்கள், உள்ளே சதை பூப்போல உதிரும். சாப்பாட்டுக்கு ஒரு கவுன்ட்டர், குடிப்பதற்கு வேறு கவுன்ட்டர். ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு வெள்ளை ஒயின், பத்து நிமிடம், அப்புறம் கிளம்பிவிடுங்கள்.

ஐந்து நிமிடம் நடந்தால் விக்தோரியா தெருவில் லா காசா தெல் அபுவேலோ, 1906-இல் தொடங்கியது. இங்கே இறால்தான். 'கம்பாஸ் அல் அஹீயோ' என்று கேளுங்கள். சின்ன மண்சட்டியில் ஆலிவ் எண்ணெய், பூண்டு, காய்ந்த மிளகாய், அதில் இறால். சட்டி உங்கள் முன்னால் வரும்போதும் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும். தாளிக்கிற வாசனை மூக்கில் ஏறும்போது ஒரு கணம் நம் வீட்டு அடுப்படி ஞாபகம் வரும். அவசரப்பட்டு வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும். கொதி அடங்கும்வரை ரொட்டியைப் பிய்த்து ஓரத்து எண்ணெயில் தோய்த்துச் சாப்பிடுங்கள். என்னைக் கேட்டால் அந்த எண்ணெய்தான் இறாலைவிட ருசி. கடையின் பழைய வழக்கப்படி இனிப்பான சிவப்பு ஒயினை ஒரு சின்னக் கிளாஸ் இதோடு குடிப்பார்கள். எரிப்புக்கும் பூண்டுக்கும் அந்த இனிப்பு பொருந்துகிறது.

மூன்றாவதாக எச்செகராய் தெருவில் லா பெனென்தியா. மாட்ரிட்டில் ஒரே ஒரு கடைதான் போக முடியும் என்று யாராவது சொன்னால் நான் இங்கேதான் அனுப்புவேன். இங்கே ஷெர்ரி என்ற ஒயின் மட்டும்தான். பியர் இல்லை, ரியோஹா இல்லை. சுவர் புகை படிந்த தேன் நிறத்தில் இருக்கும், பின்னால் பீப்பாய்கள். படம் எடுக்கக்கூடாது, டிப்ஸ் வைக்கக்கூடாது. இரண்டையும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள், நாமும் மதிக்க வேண்டும். நீங்கள் கேட்டதைக் கடைக்காரர் உங்கள் முன்னால் இருக்கும் மரக் கவுன்ட்டரிலேயே சாக்பீஸால் எழுதுவார். அடுத்த கிளாஸுக்கு அதன் கீழேயே இன்னொரு எண். கிளம்பும்போது கூட்டிச் சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு துடைத்துவிடுவார். கையில் ரொக்கம் வைத்திருங்கள்.

ஷெர்ரி என்றால் தித்திப்பு என்று நினைத்திருந்தால் மறந்துவிடுங்கள். தெற்கே ஹெரேஸ் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் விளையும் பலோமீனோ திராட்சையில் செய்வது. பீப்பாயை முழுக்க நிரப்பாமல் விட்டால் ஒயினின் மேல் ஈஸ்ட் ஒரு வெள்ளைப் படலமாகப் பூக்கும். அதற்குப் 'ஃப்ளோர்', அதாவது பூ என்றே பெயர். அந்தப் படலம் காற்றுப் படாமல் காத்தால் வெளிறிய, எலும்புபோல் உலர்ந்த 'ஃபீனோ' கிடைக்கும். அதையே சான்லூக்கர் கடற்கரை ஊரில் வளர்த்தால் 'மந்தனீயா'. படலம் இல்லாமல் காற்றோடு பழகவிட்டால் கரும்பழுப்பான 'ஒலோரோசோ', வால்நட் வாசம் வரும். முதலில் படலத்துக்கு அடியில் இருந்து பிறகு காற்றுக்கு வந்தது 'அமொந்தியாதோ'. அமொந்தியாதோவுக்கும் ஒலோரோசோவுக்கும் இடையில் எங்கோ நிற்பது 'பாலோ கொர்த்தாதோ'. நீண்ட கம்பியின் நுனியில் சின்னக் கிண்ணம் வைத்து, படலம் கலையாமல் பீப்பாய்க்குள் விட்டு ஒயினை மொள்ளும் கருவிதான் பெனென்தியா. கடையின் பெயர் அதிலிருந்து வந்தது.

வரிசையாகக் குடியுங்கள்: முதலில் மந்தனீயா, பிறகு அமொந்தியாதோ. சாதாரண ஒயினைவிட வீரியம் கூடுதல், ஃபீனோவே 15 சதவீதத்தில்தான் தொடங்குகிறது. எனவே இரண்டு சின்னக் கிளாஸ் போதும். தொட்டுக்கொள்ள 'மொஹாமா' கேளுங்கள். சூரை வகை மீனை உப்பிட்டுக் காயவைத்து, கண்ணாடிபோல் மெல்லியதாகச் சீவி, ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவார்கள். தூத்துக்குடிக்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ ஒரு துண்டை வாயில் வைத்ததும் தெரிந்த சுவைதான் என்பார்.

இன்னும் தெம்பிருந்தால் மூன்று நிமிட நடையில் வெர்த்தாஸ் தெருவில் காசா அல்பெர்த்தோ, 1827-இலிருந்து இருக்கிறது. 'தோன் கிஹோத்தே' எழுதிய செர்வாந்தெஸ் குடியிருந்த இடம் இது. உள்ளே உட்கார வேண்டாம், கவுன்ட்டரில் நின்று குழாய்ப் பெர்முத்தோடு ராத்திரியை முடியுங்கள்.

மற்ற பேட்டைகள்

ஞாயிறு பகல் என்றால் லா லத்தீனா. மெட்ரோ 5. காலையில் எல் ராஸ்த்ரோ பழைய பொருள் சந்தையைச் சுற்றிவிட்டு ஒரு மணிக்கு காவா பாஹா தெருவுக்கு வாருங்கள். வாசல்தோறும் ஒயின் கடைதான். எல் தெம்ப்ரனீயோவில் கிளாஸ் கணக்கில் பல ஊர் ஒயின் கிடைக்கும். பக்கத்துச் சதுக்கத்தில் உள்ள ஹுவானா லா லோகாவின் உருளைக்கிழங்கு ஆம்லெட், அதாவது தோர்தீயா, வெங்காயத்தைத் தேன் நிறம் வரும்வரை வதக்கிச் செய்தது. உள்ளே குழைவாக இருப்பதைப் பார்த்து வேகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

மலசான்யாப் பக்கம் திரிபுனால் மெட்ரோவில் இறங்கினால் கொலோன் தெருவில் 1892-ஆம் ஆண்டுக் கடையான போதேகா தே லா அர்தோசா. தோர்தீயாவும் பெர்முத்தும் அங்கே விசேஷம். பின்கட்டுக்குப் போகக் கவுன்ட்டருக்கு அடியில் குனிந்து நுழைய வேண்டும், முதுகுவலி உள்ளவர்கள் முன்பக்கமே நின்றுகொள்ளலாம். பொன்சானோ தெரு இளவட்டக் கூட்டம், புதுமாதிரிச் சமையல், விலையும் அதற்கேற்ப. சான் மிகெல் சந்தை 1916-இல் கட்டிய அழகான இரும்புக் கட்டடம். ஒரு கிளாஸோடு சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து சாப்பிடுங்கள். விலை அதிகம், உள்ளூர்க்காரர்கள் குறைவு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஒரு கடையில் என் தோழி "இறைச்சி இல்லாதது" என்று தெளிவாகக் கேட்டு வாங்கிய க்ரொகேத்தா என்ற பொரித்த உருண்டைக்குள் ஹமோன், அதாவது பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சி, இருந்தது. பாதி சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அன்று அவள் அழுதது எனக்கு மறக்கவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று செய்ததில்லை. 'கார்னே', அதாவது இறைச்சி, என்று சொன்னால் பலர் பெரிய இறைச்சித் துண்டுகளை மட்டும்தான் நினைக்கிறார்கள், ஹமோன் என்பது அவர்களுக்கு உப்புப் போல. அதனால் இறைச்சி, ஹமோன், மீன் எதுவும் சாப்பிட மாட்டேன் என்று முழுசாகச் சொல்லுங்கள்: "நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ." ஒவ்வொரு தட்டுக்கும் "யேவா ஹமோன்?" என்று கேளுங்கள், ஹமோன் சேர்த்திருக்கிறீர்களா என்று அர்த்தம்.

பத்ரோன் மிளகாய் வறுவல் நம்பிச் சாப்பிடலாம். பச்சைக் குட்டி மிளகாயை எண்ணெயில் பொரித்து உப்புத் தூவுவது. சிலது காரம், சிலது இல்லை, எது என்று கடித்தால்தான் தெரியும். தக்காளி தேய்த்த ரொட்டியும் பெரும்பாலும் சரி. மான்செகோ பாலாடைக்கட்டியில் பாலைத் திரிக்க விலங்கிலிருந்து எடுத்த ரெனெட் சேர்ப்பது வழக்கம், வறுத்த காளானில் ஹமோனோ சோரீசோவோ சேர்க்கும் கடைகள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சல்மொரேஹோ என்ற தக்காளிக் குழம்பின்மேல் ஹமோனும் முட்டையும் தூவுவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்ல வேண்டும். பதாதாஸ் பிராவாஸ் வெறும் உருளைக்கிழங்குதான் என்றாலும் மாட்ரிட் பாணிச் சாறில் சிலர் இறைச்சி வேகவைத்த தண்ணீரைச் சேர்ப்பார்கள். தோர்தீயாவில் முட்டை உண்டு. பன்றி மட்டும் தவிர்ப்பவர்கள், குடல் கறியான காயோஸில் சோரீசோ என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி கிடக்கும் என்பதை மனதில் வையுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்குப் பொக்கெரோனெஸ்: நம் நெத்திலிதான், வினிகரில் ஊறவைத்தது.

காசும் வீடு திரும்புவதும்

ஒரு கிளாஸ் ஒயின் பெரும்பாலும் 3 முதல் 5 யூரோ. நான்கைந்து பேர் போனால் 'போத்தே' போடுங்கள். ஆளுக்கு 20 யூரோ சேர்த்து ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் கடைக்குக் கடை அவரே கொடுப்பார், தீர்ந்தால் மறுபடி போடலாம். ஒவ்வொரு கடையிலும் பில்லைப் பிரிக்கச் சொல்லி நெரிசலில் நிற்பதைக் கடைக்காரர்கள் விரும்ப மாட்டார்கள். கிளம்பும்போது "மே கோப்ராஸ்?" என்றால் கணக்கு வரும். டிப்ஸ் கட்டாயம் இல்லை, சில்லறையை விட்டுவிட்டு வரலாம்.

நடுநடுவே தண்ணீர் குடியுங்கள். "உன் வாசோ தே ஆக்வா" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும், 2022-இல் வந்த சட்டம் அது. மாட்ரிட் குழாய்த் தண்ணீரும் நன்றாக இருக்கும். கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்காதீர்கள், பொது இடத்தில் குடிப்பதற்கு அபராதம் உண்டு. வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மெட்ரோ ராத்திரி ஒன்றரை மணிவரை ஓடுகிறது. காசா அல்பெர்த்தோவிலிருந்து ஆந்தோன் மார்த்தீன் நிலையம் ஐந்து நிமிடம், ஒன்றேகாலுக்குள் கிளம்பிவிட்டால் கடைசி வண்டியைப் பிடித்துவிடலாம்.